வெள்ளிக்கிழமை கட்டாத பணம்

எங்கள் வீட்டுக் கதவில் ஏல நோட்டீஸ் ஒட்ட வந்த கோர்ட் அமீனா, பசை கொண்டுவர மறந்துவிட்டார். "அம்மணி, ஊட்டுல கோந்து ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்டார். நான் மைதா மாவைக் காய்ச்சி ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். ஒட்டி முடித்துக் கிண்ணத்தைக் கழுவித்தான் தந்தார். என் வீட்டை ஏலம் போடும் தாளுக்கு நானே பசை காய்ச்சிக் கொடுத்திருக்கிறேன் என்பது அவர் வண்டியைக் கிளப்பிப் போன பிறகுதான் உறைத்தது. அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மிச்சப் பசையைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்த்தேன்.

பல்லடம் பக்கத்தில் இருந்தது அந்த வீடு. முன்னறையில் ஆறு தையல் மெஷின்கள், பின்னால் நாங்கள் இருவர். பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுத்துப் பிழைத்தோம். ஆர்டர் குறைந்த ஒரு வருடத்தில் என் கணவர் வீட்டை அடமானம் எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கினார். திருப்பிக் கட்ட முடியவில்லை. கடன் கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போய், வீட்டை ஏலத்தில் விற்றுப் பணத்தை எடுத்துக்கொள்ளத் தீர்ப்பு வாங்கிவிட்டார். நாங்கள் கையில் கொடுத்த வட்டியில் பாதியை அவர் கணக்கிலேயே காட்டவில்லை. அதைச் சொல்லி மேல் கோர்ட்டில் அப்பீல் போட்டோம்.

அப்பீல் போட்டாயிற்று, இனி ஏலம் நடக்காது என்று நான் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தலையில் குட்டாத குறையாக வக்கீல்தான் புரியவைத்தார்.

"அப்பீல் போட்டா மட்டும் ஏலம் நிக்காதுங்க அம்மணி. அது பாட்டுக்கு அது நடக்கும், இது பாட்டுக்கு இது நடக்கும். தடை உத்தரவு தனியா வாங்கோணுமுங்க."

வாங்கியும் கொடுத்தார். ஆனால் கோர்ட் சும்மா தரவில்லை. நாலு வாரத்துக்குள் கடனில் ஒரு பகுதியைக் கட்ட வேண்டும். கட்டினால் அப்பீல் முடியும்வரை வீட்டை யாரும் தொட முடியாது. கட்டாவிட்டால் தடை தானாகவே போய்விடும். ஏலத்தை அதற்கடுத்த புதன்கிழமைக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். கடைசித் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டேன். அது வெள்ளிக்கிழமை என்பதை அன்றைக்கே பார்த்தேன். அதற்கு முன்பே கட்டிவிடுவோம் என்று இருந்துவிட்டேன்.

மூன்று மெஷின்களை விற்றோம். தாலிக்கொடியை விற்றுவிட்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டேன். பணம் முழுதாகச் சேர்ந்தபோது வியாழக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன்.

மறுநாள் காலையில் என் கணவர் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசல் தெளித்துவிட்டு வந்த நான் வழியை மறித்தேன்.

"ஏனுங்க, வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஊட்டுப் பணத்த வெளிய குடுப்பாங்களா? இந்த ஊடு தங்கோணும்னுதான இத்தன பாடு?"

"இன்னிக்குத்தான் கடைசி நாளுன்னு வக்கீல் சொன்னாரே புள்ள."

"சனி, ஞாயிறு கோர்ட்டே லீவுங்க. திங்கக்கிழமை காலைல மொத ஆளாக் கட்டிப்போடுங்க. ஒரு நாள்ல என்னங்க ஆயிரும்?"

வெள்ளிக்கிழமை பால்காரருக்குக்கூடக் காசு கொடுக்காத வீடு எங்களுடையது. அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வக்கீலுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். திட்டுவார் என்று நான்தான் போட விடவில்லை. அப்படியென்றால், செய்வது தப்பு என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

திங்கட்கிழமை பணப்பையோடு போனபோது வக்கீல் எங்களை உட்காரச் சொல்லவில்லை. தடை போய்விட்டது என்றார். கூடுதல் நாள் கேட்டு மனுப் போட்டார். மனு விசாரணைக்கு வருவதற்குள் புதன்கிழமை வந்துவிட்டது, ஏலமும் முடிந்துவிட்டது. யாரோ வெளியூர்க்காரர் எடுத்தார். அதை மாற்ற வேண்டுமானால் மொத்தக் கடனையும் கட்ட வேண்டுமாம். மொத்தத்துக்கு எங்கே போவது? அப்பீல் இன்னும் நடக்கிறது. ஜெயித்தாலும் பணம்தான் கொஞ்சம் திரும்புமாம்; ஏலம் எடுத்தவர் கேஸில் சம்பந்தப்படாத ஆள் என்பதால் வீடு திரும்பாதாம்.

கோர்ட்டுக்குக் கொண்டுபோன பணத்தில் அட்வான்ஸ் கொடுத்து அருள்புரத்தில் வாடகைக்கு வந்தோம். நான் ஒரு கம்பெனியில் பனியன் செக்கிங் பார்க்கிறேன். பீஸைப் புரட்டுகிறேன், ஓட்டையைப் பார்க்கிறேன், ஒதுக்குகிறேன். நாள் ஓடிவிடுகிறது. அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி என் கணவர் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கிறது.

போன மாதம் வாடகை நாள் வெள்ளிக்கிழமையில் வந்தது. தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்க வந்த வீட்டுக்கார அம்மாவிடம் பணத்தை நீட்டினேன். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை எதுக்கு கண்ணு பணத்த வெளிய குடுக்கற? நாளைக்கு வாங்கிக்கறேன்."

"இல்லீங்க, இன்னிக்கே வாங்கிக்குங்க."

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவரின் கை தட்டிலேயே நின்றது. அந்த அம்மா வாங்கிக்கொள்ளும்வரை நான் நீட்டிய கையை மடக்கவில்லை.