அரை டிகிரி அதிகாரியும் சாப்பாட்டு மேசையும்

கடைத் தராசுகள் யோக்கியமாக நிற்கின்றனவா என்று சோதிக்கும் அலுவலகத்தில் அவர் ஆய்வாளர். இருபத்திரண்டு வருட சேவையில் ஒரு தராசையும் அவர் முகம் பார்த்து நம்பியதில்லை. கடைக்குள் நுழைந்ததும், வைத்த வணக்கத்துக்குப் பதில் சொல்வதற்கு முன்பே, பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தராசு நிற்கும் பலகையில் வைப்பார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் வந்து நின்றால்தான் மேற்கொண்டு பேச்சு.

“பலகை கோணலா இருந்தா தராசு சொல்றதெல்லாம் பொய்தான்யா” என்பார். கடைக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘அரை டிகிரி’ என்று பெயர் வைத்தார்கள். காதில் விழுந்தபோது அதை அரசாங்க விருதாகவே எடுத்துக்கொண்டார்.

அவரிடம் ஒரு கார் இருந்தது. ஏறி உட்கார முடியாது. இரண்டு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம், பன்னிரண்டு கிலோ எடை. பெட்ரோலில் ஓடும், ரிமோட்டுக்குத் திரும்பும். வீட்டில் தன் பேச்சைக் கேட்கும் ஒரே ஜீவன் அதுதான் என்று அவர் பெருமைப்பட்டதுண்டு. மூன்று மாதமாக அதற்கும் வீட்டுக் காற்று பட்டுவிட்டது. நேராக விட்டால் இடது பக்கம் இழுத்தது.

சக்கரத்தைச் சீர்செய்யும் வைபவம் சாப்பாட்டு மேசையில் நடந்தது. தரையில் குந்த அவர் முதுகு ஒத்துழைக்காது. வீட்டில் நின்றபடி வேலை பார்க்க வேறு உயரமும் கிடையாது. காரின் முதுகை இரண்டு தரம் அமுக்கிவிட்டு, ஸ்பிரிங் அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு ஒவ்வொரு சக்கரத்திலும் குண்டு தொங்கும் கோணமானியைச் சாய்த்து, சக்கரத்தின் தலை உள்பக்கம் எத்தனை டிகிரி சாய்கிறது என்று படிப்பார். இடதும் வலதும் ஒன்றுபோல ஒன்றரை காட்டும்வரை சக்கரத்தைத் தாங்கும் கம்பியைத் திருகுவார். காட்டும். மறுநாள் மைதானத்தில் கார் இடது பக்கம் போகும். மூன்று மாதமாக அவரும் மனைவியும் மகளும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள்.

“நம்ம வீட்ல மேசைன்னு ஒண்ணு இருந்துச்சே, ஞாபகம் இருக்காங்க?” என்றார் மனைவி.

“வேலை நடக்குதில்ல?”

“நடந்துக்கிட்டேதான் இருக்கு.”

“ஞாயித்துக்கிழமை பாரு. முப்பது தப்படி நேரா ஓடும், ரிமோட்ல கை வெச்சுத் திருப்ப மாட்டேன். கோடு தாண்டுச்சுன்னா மேசை உனக்கு.”

“தம்பியை வரச் சொல்றேன். சாட்சிக்கு” என்றார் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை, தெருக்கோடிக் கிடங்குக்குப் பின்னாலிருந்த சிமென்ட் தளத்தில் மனைவியின் தம்பி இரண்டு சுண்ணாம்புக் கோடுகள் போட்டான். கார் பத்துத் தப்படி வரை சாதுவாக ஓடியது. பதினொன்றாவதில் புத்தி மாறியது. இடது கோட்டைத் தாண்டி, நிதானமாக வளைந்து, மனைவியின் செருப்பில் மூக்கை வைத்து நின்றது.

“கூப்பிடாமலே வந்திருக்கு” என்றார் மனைவி.

“தரை சரியில்ல” என்ற அரை டிகிரி, பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தளத்தில் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. வேறு மூலையில் வைத்தார். அங்கேயும் அதே அகம்பாவம்.

மச்சினன் தலையைச் சொறிந்தான். “மாமா, வீட்ல எதுமேல வெச்சுப் பாத்தீங்க?”

“மேசை மேலதான். ஏன்?”

“அதுல மட்டம் பாத்தீங்களா?”

இருபத்திரண்டு வருட சேவை ரசமட்டத்தை மெதுவாகப் பைக்குள் வைத்தது.

“அந்த மேசை என் பக்கமா சாயுதுங்க. தண்ணி கொட்டினா நேரா என் மடிக்குத்தான் வரும்” என்றார் மனைவி. “கல்யாணத்துலேருந்து அப்படித்தான்.”

“இத்தனை நாள் ஏன் சொல்லலே?”

“தராசையே மிரட்டுற ஆபீசர் நீங்க. உங்களுக்கு நான் கோணல் சொல்லித் தரணுமா?”

வீட்டுக்குப் போனதும் ரசமட்டத்தை மேசையில் வைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடியது. சரியாக ஒரு டிகிரி, வலப்பக்கச் சரிவு. கோணல் மேசைக்கேற்ப அவர் சக்கரங்களைக் கோணலாக்கியிருந்தார், அதுவும் மிகத் துல்லியமாக. கடைசி முயற்சியாகச் சட்டத்தைத் துணைக்கு அழைத்தார்.

“இது தகுதியில்லாத மேசை. இதுல சாப்பிட அனுமதிக்க முடியாது.”

“எங்க வயித்துக்கு ரசமட்டம் வேண்டாம். காரை எடுங்க” என்றார் மனைவி.

எடுத்தார். வீடெங்கும் ரசமட்டத்தோடு தவழ்ந்து தேடியதில், குமிழி அசையாத இடம் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. அது அதே மேசையின் அடி. முதுகைச் சபித்தபடி காரோடு குப்புறப் படுத்து உள்ளே நுழைந்தார். கால்கள் இரண்டும் கூடத்தில் நீண்டன.

மேலே மனைவியும் மகளும் மச்சினனும் தட்டை வைத்து உட்கார்ந்தார்கள். மச்சினன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தான்.

“மாப்ளே, ஆடாதே” என்றது கீழிருந்து ஒரு குரல். “கால் டிகிரிதான் பாக்கி.”

“நீங்க பாருங்க மாமா” என்று அவன் காலை மடக்கி உட்கார்ந்தான். “அக்கா, இன்னும் கொஞ்சம் சோறு போடு.”