அம்மாவின் போனில் ஓடிய தண்ணீர்

பிள்ளைகளே, அம்மா வெளிநாட்டில் வேலைக்கு நின்ற காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் நமக்குப் போன் எடுப்பார், நினைவிருக்கிறதா? நாலு நிமிடம், மிஞ்சினால் ஐந்து. பின்னால் எப்போதும் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். "ஏனப்பா அம்மாட பக்கம் எப்பவும் தண்ணி ஓடுது?" என்று சின்னவள் கேட்டபோது, அம்மா உடுப்புக் கழுவுகிறார் என்று சொன்னேன். அது பொய். அம்மா வீடு வந்து சேர்ந்துவிட்டதால் உண்மையை இப்போது எழுதுகிறேன்.

அம்மா வீட்டு வேலைக்குப் போய் இறங்கிய அன்றே அந்த வீட்டுக்காரி அவருடைய போனை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். கூட வேலை செய்த ஒரு பெண் தன் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன பழைய போன் ஒன்றை அம்மா ஒளித்து வைத்திருந்தார். குளியலறைக் கதவைப் பூட்டி, குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நின்றுதான் நம்மோடு பேசினார். பிடிபட்டால் அந்தப் போனும் போய்விடும். பிறகு ஒப்பந்தக் காலம் முடியும்வரை உங்களுக்கு அம்மாவின் குரலே இல்லை. அதனால் இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அப்படி இருக்கையில்தான் டவுனில், புளியந்தீவில் ஒரு கூட்டம் என்று கிராம சேவகர் சொல்லியனுப்பினார். வெளிநாட்டில் ஆள் நிற்கிற குடும்பங்கள் வர வேண்டுமாம். கூட்டம் என்றால் நாங்கள் மனுவோடுதான் போவோம், அது ஊர்ப் பழக்கம். நானும் வீட்டுத்திட்டத்தில் வீடு கேட்டு ஒரு மனு எழுதி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் பக்கத்து வளவு அக்காவும் வந்தார். அவருடைய மகளும் அதே நாட்டில்தான் வேலை செய்தாள்.

"நீ என்ன தம்பி எழுதின?"

"வீடுதான் அக்கா."

"நான் கக்கூசையும் சேர்த்துப் போட்டிருக்கன். ரெண்டு கேட்டாத்தான் ஒண்டு தருவானுகள்."

கோட்டைக்குக் கிட்ட ஒரு மண்டபம். கொழும்பிலிருந்து வந்த வெளிவிவகார அதிகாரி ஒருவர் மேசைக்குப் பின்னால் இருந்தார். அவர் சிங்களத்தில் பேசுவதைத் தமிழில் சொல்ல ஒரு பெண் பக்கத்தில் இருந்தார். அக்கா முந்திக்கொண்டு போய் மனுவை நீட்டினார். அவருக்குப் பின்னால் பெரிய வரிசையே சேர்ந்துவிட்டது. எல்லார் கையிலும் மனு.

மொழிபெயர்க்க வந்த பெண் எழுந்து அக்காவிடம், "அம்மா, இது வீட்டுத்திட்டக் கூட்டம் இல்ல. உங்கட பிள்ளைகள் வேலை செய்யிற நாட்டோட நம்மட நாடு புதுசா ஒரு ஒப்பந்தம் எழுதப் போகுது. பேசப் போறதுக்கு முதல், அவங்கள்ட்ட என்ன கேக்கவேணும் எண்டு உங்கள்ட்டக் கேக்க வந்திருக்கிறம்" என்றார்.

"எங்கள்ட்டயோ?" என்றார் அக்கா.

"ஓம், உங்கள்ட்டத்தான்."

அக்கா நீட்டிய மனுவை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வரிசையும் ஒவ்வொருவராகக் கலைந்தது.

எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், பாசிக்குடாவில் ஹோட்டல் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறவன். வெளிநாடு என்றால் எனக்குத் தெரிந்தது, கடலில் குளித்துவிட்டு வருகிறவர்கள் கதிரையில் போட்டுப் போகும் ஈரத் துவாய்தான். நாடும் நாடும் பேசுவது கோட்டுப் போட்டவர்களின் காரியம், அவர்கள் கைகொடுக்கும் படம் மட்டும் நமக்குப் பேப்பரில் வரும் என்று நினைத்திருந்தேன். அந்தப் பேச்சுக்குள் என் வாயிலிருந்து ஒரு சொல் போகலாம் என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஒருவர் சம்பளம் பிந்துவதைச் சொன்னார். இன்னொருவர் கடவுச்சீட்டைப் பறித்து வைப்பதைச் சொன்னார். போனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் இரண்டு தரம் எழும்பப் பார்த்து இரண்டு தரமும் உட்கார்ந்துவிட்டேன். சொல்லி, அது எப்படியோ அந்த வீட்டுக்காரியின் காதுக்குப் போய்விட்டால்?

அக்கா என் முழங்கையில் இடித்தார். "வாயில என்ன கொழுக்கட்டையா? எழும்பிச் சொல்லன்."

எழும்பினேன். "பேர் எழுதுவீங்களா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"பேரும் இல்ல, ஊரும் இல்ல. சொல்லுறத மட்டுந்தான் எழுதுவம்" என்றார் அந்தப் பெண்.

"அப்ப எழுதுங்க. வேலைக்குப் போற ஆக்கள்ட போனப் பறிக்கக் கூடாது. என்ட மனிசி குளியலறைக்குள்ள பைப்பத் திறந்து விட்டுட்டுத்தான் பிள்ளைகளோட கதைக்கிறா. வெளிய கேக்கக் கூடாதெண்டு."

அந்தப் பெண் மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைக் கொஞ்சம் தள்ளி வைத்தார், பிறகுதான் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டச் சொன்னார்.

"வேலைக்கு வருபவரின் தொலைபேசி அவர் கையிலேயே இருக்க வேண்டும். இது சரியா எண்டு சேர் கேக்கிறார்."

என்னிடம் கேட்டார், பிள்ளைகளே. ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குச் சொல்லப் போகிற வசனம் சரியா என்று என்னிடம்.

"ஓம், சரி. அவங்க ஒத்துக்கொள்ளுவாங்களா?"

அதிகாரி சொன்ன பதிலைக் கேட்டு அந்தப் பெண் லேசாகச் சிரித்தார். "அது தெரியாதாம். ஆனா கேக்காம அந்த மேசைய விட்டு எழும்ப மாட்டாராம்."

திரும்பி வருகையில் பாதி வழியில் அக்கா சொன்னார்: "என்ட மகள் போன் எடுத்தா எப்பவும் கிரைண்டர் ஓடுற சத்தம் தம்பி. சமைக்கிறாளாக்கும் எண்டு நினைச்சன்."

அந்த வரி ஒப்பந்தத்தில் ஏறியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கடைசி வெள்ளிக்கிழமை வரைக்கும் அம்மா தண்ணீர்ச் சத்தத்துக்குள் நின்றுதான் பேசினார். ஆனாலும், கடவுச்சீட்டே எடுக்காத என்னுடைய ஒரு வசனம் கடல் தாண்டிப் போயிருக்கும் என்று நினைக்கும்போது, தோட்டத்தில் குழாய் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுகிறேன்.

அன்று நான் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் பள்ளிக்கூடத்தால் இன்னும் வரவில்லை. மனு மடித்தபடியே பையில் இருந்தது. தகரம் அடைத்த குளிக்கிற இடத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். குழாயை முழுதாகத் திறந்தேன். வாளியில் தண்ணீர் விழுந்தது. போனைக் காதில் வைத்து, அம்மாவைப் போலக் கதவுக்கு வெளியே போகாத குரலில் உங்கள் இருவரின் பெயரையும் சொல்லிப் பார்த்தேன். எனக்கே கேட்கவில்லை. கொஞ்சம் குரலை உயர்த்தி இன்னொரு தரம் சொன்னேன். பிறகு குழாயை மூடினேன்.