தலையோடு ஊற்றிய தண்ணீர்

கண்டி மஹய்யாவப் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற ரோஜாச்செடியின் இலைகள் கரும்புள்ளி விழுந்து, மஞ்சளாகி உதிர்ந்தன. கண்ணூறு பட்டுவிட்டது, மிளகாய் சுற்றிப் போடு என்றார்கள் அக்கம்பக்கத்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. காரணம் என் கண்ணெதிரே இருந்தது. காய்ச்சலில் எங்கள் குட்டி மகள் இறந்துபோனதிலிருந்து, நகரசபை வேலை முடிந்து வந்ததும் என் கணவர் அவள் நட்ட அந்தச் செடிக்குத் தலையோடு தண்ணீர் ஊற்றுவார். கண்டிப் பனியில் நனைந்த இலை விடியும்வரை காயாது.

"இலை நனையக்கூடாதுங்க. காலையில வேருக்கு மட்டும் ஊத்துங்க," என்றேன்.

அவர் அப்படியே செய்தார். புள்ளி விழுந்த இலைகளைப் பொறுக்கி எரித்தேன். செடி துளிர்த்து மொட்டும் விட்டது.

ஆனாலும் மாலைதோறும் அவர் வாளியை நிரப்பிக்கொண்டு செடியருகே சும்மா நின்றார். அது அவர் மகளைக் குளிப்பாட்டிய நேரம். எனக்கு அப்போதுதான் உறைத்தது.