அத்தானுக்கு நான் விட்ட பகிடி

மண்டபம் அகதி முகாமிலிருந்து வந்த கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அத்தான் நாலு நாள் திரிந்தார். யாரோ பிரித்துப் படித்துவிட்டுத் திரும்ப ஒட்டிய உறை. பசை காய்ந்து ஓரம் முறுகியிருந்தது. எழுதியவர் அவருடைய தமையன், முந்திய வருஷமே குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனவர். அத்தானுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் என்னிடம் நீட்டினார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டிருந்தாலும் கடிதம் வாசிக்க எனக்குத் தெரியும், இல்லாததைச் சேர்த்து வாசிக்க இன்னும் நன்றாகத் தெரியும். ‘அரிசி தருகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறார்கள்’ என்ற இடத்தில், ‘ஆளுக்கொரு சினிமா நடிகையும் தருகிறார்கள்’ என்று வாசித்தேன். அத்தான் நெற்றியைச் சுருக்கி, “அப்படியோடா எழுதியிருக்கு?” என்று கேட்டு, பிறகுதான் சிரித்தார். சோளகக் காற்று எழும்பிக் கடல் குழம்புவதற்கு முன்னம் மன்னாருக்கு வந்துவிடு, வள்ளக்காரனிடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்று கடிதம் முடிந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. மகள் கலியாணம் முடித்தால் தாய் தன் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் ஒரு குடிசைக்குள் ஒதுங்கிக்கொள்வாள். ஆண்பிள்ளை கையை வீசிக்கொண்டு பெண்சாதி வீட்டுக்குப் போவான். அத்தானும் வெல்லாவெளியிலிருந்து குருக்கள்மடத்துக்கு அப்படித்தான் வந்தார். வந்தபோது அது ஓலை வீடு. வாவிக்கு அக்கரையில் வயல் செய்து, விளைச்சலுக்கு விளைச்சல் சுவர் எழுப்பி, ஓடு போட்டு, கிணற்றுக்குக் கட்டுக் கட்டியவர் அவர்தான். காணி உறுதியில் அக்காவின் பெயர் மட்டும் இருந்தது. அதில் ஒருவருக்கும் குறையிருந்ததில்லை.

ஐந்தாம் நாள் பின்னேரம் அக்கா முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் இருந்து பூனையைத் துரத்திக்கொண்டிருந்தார். அத்தான் வந்து குந்தினார்.

“இஞ்ச பாருகா, பிள்ளையள நினைச்சுத்தான் சொல்றன். வீட்டப் பூட்டிப்போட்டுப் போவமா?”

அக்கா கத்தியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். ஆனால் சும்மா இருக்கிற வாயா என்னுடையது?

“அத்தானுக்கென்ன! வீடும் அக்காட, வளவும் அக்காட, கிணத்துக்க கிடக்கிற தவளையும் அக்காட. ஆளுக்குச் சொந்தம் ஒரு ஓட்டச் சைக்கிள். அதில ஏறி இராமேஸ்வரம் போறதுக்கு ஆருட்டக் கேக்கணும்?”

அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அக்காவும் சிரித்தாள். அத்தானும் சிரித்தார். “உன்ட வாய்க்கு வள்ளத்தில எடம் பத்தாதுடா” என்று சொல்லிக்கொண்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை.

இரண்டு நாள் கழித்து, வளவு வாசல் கடப்படியில் நின்று நானாகவே கேட்டேன், பயணம் எந்தமட்டில் என்று. அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அவள்ட தாய் குடுத்த வீடு. விட்டிட்டு வா எண்டு ரெண்டாந்தரம் கேக்க நான் ஆருடா?” நான் சொன்னது அவருக்குள் எந்த இடத்தில் போய்க் குத்தியிருக்கிறது என்று அப்போதே விளங்கியது. ஓடிப்போய் அக்காவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் பகிடிதான் காரணம் என்று ஏச்சு விழும். அதற்குப் பயந்து, “நடிகை கிடைக்காது எண்டதும் மனம் மாறிட்டோ?” என்று இன்னொரு பகிடியை விட்டுவிட்டு நடந்தேன்.

சோளகம் எழும்பியது. ஒரு மாதத்துக்குள், விடியற்காலையில் வயலுக்குப் போகவென்று தோணித்துறையில் நின்ற ஆட்களை ஆமிக்காரர் சுற்றிவளைத்தார்கள். முகத்தை மூடிய ஒருவன் தலையாட்டி ஆட்களைக் காட்டிக்கொடுத்தான். ஏழு பேரை லொறியில் ஏற்றினார்கள். நாலு பேர் திரும்பி வந்தார்கள். அத்தான் வரவில்லை. அக்கா போகாத ஆமி முகாமில்லை, எழுதிக் கொடுக்காத மனுவில்லை. அலைந்து ஓய்ந்த ஒரு நாளில் நெல்மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு கோதுமை மாப்பையை இழுத்து என் முன்னால் கொட்டினாள். பிள்ளைகளின் உடுப்புகள், இரண்டு பிறப்புச் சான்றிதழ்கள், ஒரு போத்தல் கோடாலித் தைலம். “நீ கடிதம் வாசிச்சதக் கேட்டுட்டு, பகிடி விட்ட அண்டைக்கு முதல் நாளே கட்டி வெச்சது. ஓம் எண்டு சொல்லத்தான் வாயத் திறந்தன். மறுகாக் கேப்பார், அப்ப சொல்லுவம் எண்டு இருந்தன். மனிசன் கேக்கவேயில்லையே.” கடப்படியில் அவர் சொன்னதை அன்றுதான் அவளிடம் சொன்னேன். ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் உடுப்புகளை ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினாள். சின்னவளின் சட்டை அதற்குள் அவளுக்குச் சிறுத்துப் போயிருந்தது.

ஆறு வருஷம் போய்விட்டது. அம்மாவும் இப்போது இல்லை. அக்காவின் மகன், என் மருமகனுக்குப் பதின்மூன்று வயது; தகப்பனின் உயரம் வந்துவிட்டது. இந்த ஊரில் பதின்மூன்று வயதுப் பையனுக்கு உயரம் நல்லதில்லை. ஆமி, இயக்கம் என்று இரண்டு பக்கத்தாரும் பார்க்கிறார்கள். போன கிழமை நான்தான் கேட்டேன், ஒரு சொல்லும் சேர்க்காமல்: “அக்கா, எல்லாரும் போவமா?”

இந்த முறை அவள் பதிலைத் தள்ளிப்போடவில்லை. “நீ பெரியவனக் கூட்டிட்டுப் போ. நான் சின்னவளோட இஞ்ச இருக்கன்.”

“தனியவா?”

“அந்த மனிசன் வந்தா வேற எங்கடா போவார்? அவருக்கெண்டு வேற வீடு இருக்கா?”

நாளைக்கு மருமகனும் நானும் மன்னாருக்குப் பஸ் ஏறுகிறோம். பின்னேரம் அக்கா அவனுடைய உடுப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பெட்டிக்குள் கிடந்த அத்தானின் நீலச் சாரனை எடுத்து, இதையும் வைக்கவா, அவனுக்கு இப்போது அளவாக இருக்கும் என்றேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கி உதறிக் கொடியில் போட்டாள்.

“இது இஞ்ச கிடக்கட்டும். வந்து குளிச்சா மாத்துறத்துக்கு ஒண்டு வேணும்.”