மந்திரியின் சீட்டில் என் கதை

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தது நாலே பேர். அம்பத்தூரில் அந்த ஃப்ளாட்டை வாடகைக்கு எடுத்திருந்த ஐ.டி. பையன், விளையாட்டை நடத்துகிறவன் அவன்தான். அவன் மனைவி; மண்ணூர்பேட்டையில் நான் வேலை செய்கிற கம்பெனியின் ஆபீசில் எங்கள் ஃபைல் எல்லாம் பார்ப்பது அவர்தான். பக்கத்து மெஷினில் ஒன்பது வருஷமாக நிற்கிற என் நண்பன். அப்புறம் நான். ஐந்தாவது ஆள் கிடையாது.

விளையாட்டு இதுதான். சாகக் கிடக்கிற ஒரு ராஜா. நாங்கள் மூன்று பேரும் அவருடைய மந்திரிகள். ஒருத்தர் காலை ஒருத்தர் வாரி நாற்காலியைப் பிடிக்கணும். எந்தத் துரோகமும் செய்யலாம், ஆனால் சிரிக்க வைத்துச் செய்யணும். மற்றவர்கள் சிரித்தால் பகடையை இன்னொரு தடவை உருட்டலாம். ஆரம்பத்திலேயே அவரவர் மந்திரிக்கு ஒரு ரகசியத்தைக் கற்பனை செய்து சீட்டில் எழுதி மடித்து வைக்கணும். பகடை நன்றாக விழுந்தால் அடுத்தவர் சீட்டைத் திருடலாம்.

எனக்குக் கற்பனை வரவில்லை. எல்லாரும் எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். மனதில் எப்போதும் ஓடிக்கொண்டிருந்ததையே எழுதித் தொலைத்தேன்: 'இவன் எட்டாவதோடு நின்றவன். பத்தாவது பாஸ் என்று பொய் சொல்லியிருக்கிறான்.' மந்திரிக்கு ஏது பத்தாவது? அதுகூடத் தோன்றவில்லை.

கம்பெனியில் நான் சேர்ந்ததே அந்தப் பொய்யைச் சொல்லித்தான். இது தெரிந்தவன் என் நண்பன் ஒருத்தன்தான். பத்தாவது பாஸ் கேட்கிற ஷிப்ட் இன்சார்ஜ் வேலைக்கு என் பெயர் ஆபீசுக்குப் போயிருந்த நேரம் வேறு.

மூன்றாவது சுற்றில் அவனுக்குப் பகடை விழுந்தது. என் சீட்டைப் பிரித்துப் படித்தான். என்னைப் பார்த்தான். புரிந்துவிட்டது அவனுக்கு. வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். பொய் சொல்வதுதானே அந்த விளையாட்டே!

"மகாஜனங்களே, இந்த மந்திரி எட்டாங்கிளாஸு! பத்தாவது பாஸுன்னு ராஜாவுக்கே டேக்கா குட்த்துகினு கீறாரு!"

ஐ.டி. பையன் சிரித்தான். "ராஜா காலத்துல ஏதுண்ணே பத்தாவது?"

"அங்க இல்ல நைனா, மண்ணூர்பேட்டைல கீது!"

இன்னும் பெரிய சிரிப்பு. சிரிக்காதது அந்தப் பெண் மட்டும்தான். "நிஜமாவாண்ணா?" என்று என்னைக் கேட்டார்.

"விளையாட்டும்மா" என்றேன். என் குரலை நானே நம்பியிருக்க மாட்டேன். நண்பன் ஜோராக இன்னொரு தடவை பகடையை உருட்டினான்.

திரும்பும்போது பைக்கில் சொன்னான்: "மேசைல நடந்தது மேசையோட, மச்சான். இதுக்கா மூஞ்சத் தூக்கி வெச்சுகினு கீற?" பாடி மேம்பாலத்துக்கு முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

மூன்று நாள் ஆபீஸ் கதவு திறக்கும்போதெல்லாம் மெஷினை விட்டுத் திரும்பிப் பார்த்தேன். நாலாம் நாள் தாங்க முடியாமல் நானே போய் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன்.

"நான் விளையாட்டுன்னே விட்டுட்டேண்ணா" என்றார். "இப்ப நீங்களே சொன்னப்புறம் இன்சார்ஜ் வேலைக்கு உங்க ஃபைலை எப்படி மேல அனுப்புறது? மெஷின் வேலைக்கு ஒண்ணும் ஆகாம பார்த்துக்கறேன்."

அவர் வாயைத் திறந்திருக்கவே மாட்டார். நான்தான் திறந்தேன்; என்னைத் திறக்க வைத்தது அவன். நான் எப்படிப் பயப்படுவேன் என்று ஒன்பது வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவன். வேறு எவனாவது செய்திருந்தால் இப்படி எரிந்திருக்காது.

இன்னும் பக்கத்து மெஷினில்தான் நிற்கிறான். "ஞாயித்துக்கெழம வா மச்சான், நீ இல்லாம ஆட்டம் சப்புனு கீது" என்கிறான்.

நாலு பேருமாகப் பங்கு போட்டு வாங்கிய அந்த விளையாட்டுப் பெட்டிக்கு முதலில் முழுப் பணமும் கட்டியது நான். புருஷனும் மனைவியும் அன்றைக்கே தங்கள் பங்கைத் தந்துவிட்டார்கள். அவனிடம் மட்டும் அவன் பங்கைக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது கூச்சமில்லை. தினமும் காலையில், மெஷின் போடுவதற்கு முன்னால், ஷெட்டில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்கிறேன்: என் எழுநூற்று ஐம்பது ரூபாய் எங்கே?