மேல்தட்டுப் பெட்டி

சிவசங்கரன் வாயில் சுருட்டு வைத்தவரில்லை. பீடி கூடக் கிடையாது. ஆனாலும் பிச்சாட்டூர்ப் பக்கத்தில் அவருக்குச் 'சுருட்டு சங்கரன்' என்றுதான் பேர். பதினோரு வருஷம் துபாயில் ஒரு சுருட்டுக் கடையில் சரக்கு அடுக்கினவர். அப்பா காலத்தில் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. துபாய்ச் சம்பளத்தில்தான் முக்கால் ஏக்கர் வாங்கி வேர்க்கடலை போட்டார்.

திரும்பி வந்தபோது அந்தப் பக்கத்தில் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டை வந்திருந்தது. வெளிநாட்டு ஆபீசர்கள் தங்க நாகபூஷணம் என்பவர் ஒரு கெஸ்ட் ஹவுஸ் கட்டியிருந்தார். சுருட்டு அலமாரியின் சாவியைச் சங்கரன் கையில் கொடுத்தார். ஐம்பது வயதில் வந்த மரியாதை அது.

அலமாரியில் இரண்டு வகைக் கியூபா சுருட்டு. ஒரே நீளம், ஒரே தடிமன், மேலே சுற்றின இலையும் ஒரே நிறம். ஒன்று ஐந்நூறு ரூபாய், மற்றது ஆயிரத்தெண்ணூறு. பெண்சாதி ரத்னம்மாவுக்கு அது ஆறவேயில்லை.

"இன்னாங்க இது அநியாயம்? ரெண்டும் பொகையாத்தான போவுது?"

"திருமலையில சின்ன லட்டும் கீது, கல்யாண லட்டும் கீது. ரெண்டும் கடலமாவு, சக்கர, நெய்தான். பெருசுல நெய்யும் முந்திரியும் தூக்கலா இருக்குதில்ல? அதுமாரிதான். பொகையிலச் செடியில அடி எல நல்லா எரியும். நடு எல வாசன குடுக்கும். உச்சி எல வெயிலத் துன்னு துன்னு காரம் ஏறிக் கெடக்கும். ஒசந்த சுருட்டுல உச்சி எல கூட. வருஷக்கணக்கா ஆறப்போட்டு, முழு எலையா வெச்சி சுத்துவான். வெல கம்மியானதுல நறுக்கின தூளு."

"அப்ப வாங்கறவன் ஏமாந்தவனா?"

"தெரிஞ்சிதான் வாங்கறான். இதுன்னு சொல்லி அதக் குடுத்தாத்தான் பாவம்."

அந்த வருஷம் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை மலையேறிப் பெருமாளைச் சேவித்துவிட்டு, ஞாயிறு காலை நேரே வேலைக்கு வந்தார். அடுத்த சனிக்கிழமை வீட்டில் பெருமாளுக்குப் படைக்கும் தளிகைக்காகக் கீழ்த் திருப்பதியில் வாங்கின பச்சைக் கற்பூரப் பொட்டலம் சட்டைப் பையில் இருந்தது. வெயிலுக்கு அது கரைந்துகொண்டே போகும். அந்தக் கட்டடத்தில் எந்நேரமும் குளுமையாக, பூட்டோடு இருந்தது சுருட்டு அலமாரி ஒன்றுதான். சுருட்டு அக்கம்பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியாதா? துபாயில் முதல் நாள் படித்த பாடமே அதுதான். ஆனாலும், சாமி சமாச்சாரம், சாயந்திரம் எடுத்துக்கொள்ளலாம் என்று மேல்தட்டில் பிரித்திருந்த உயர்ந்த வகைப் பெட்டிக்குள், சுருட்டுகளுக்கு அடியில் வைத்து மூடினார். சாயந்திரம் மறந்தே போனார். அலமாரியைத் திறந்துவிடுவதோடு அவர் வேலை சரி, பெட்டியிலிருந்து விருந்தாளிகளே எடுத்துக்கொள்வார்கள்.

புதன்கிழமை மாடியறை வெள்ளைக்காரர் நாகபூஷணத்திடம் சண்டைக்கு வந்தார். உயர்ந்த சுருட்டின் காகித வளையத்தைக் கழற்றி மட்டமானதில் மாட்டியிருக்கிறார்கள், வாயெல்லாம் மருந்து நாற்றம் என்றார்.

சங்கரன் மலைக்குப் போன சனிக்கிழமை சாவி தணிகைவேலிடம் இருந்தது. அறை பெருக்குகிறவர். நகரியில் பவர்லூம் நின்றுபோய் இங்கே வந்தவர்.

நாகபூஷணம் அவரைக் கூப்பிட்டார். "ஏமய்யா தணிகை, மாத்தி வெச்சி எங்க வித்த? நிஜம் செப்பு. இல்லன்னா ஸ்டேஷனுக்குப் போன் போடுவேன்."

"சத்தியமா தெரியாது சார். எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது, இதுல எத எடுத்து எங்க மாத்தறது?"

சங்கரன் போய் அலமாரியில் மேல்தட்டுப் பெட்டியைத் திறந்தார். குப்பென்று அடித்தது கற்பூரம். பொட்டலத்தில் பாதிகூட மிச்சமில்லை. யாரும் பார்க்கவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். இரண்டு வகையிலும் ஒவ்வொன்று எடுத்து வந்து, ஒரு தட்டில் வைத்து பிளேடால் நீளவாக்கில் கீறினார். ஒன்று முழு இலைகளாக மடிப்பு மடிப்பாக விரிந்தது. மற்றது டீத்தூள் மாதிரி கொட்டியது.

"பாருங்க சார். மேல் பெட்டியில இருக்கிறது ஒசந்ததேதான். தணிகை மாத்தல."

வெள்ளைக்காரர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துத் தலையாட்டினார். தணிகை சுவரில் சாய்ந்துகொண்டார்.

"அப்ப இந்த வாசன? அனுப்பனவன் சரக்கே இப்படியா?" என்றார் நாகபூஷணம்.

ஆமாம் என்று ஒரு சொல் போதும். தணிகை தப்பித்தாயிற்று, சாவியும் போகாது. சென்னையில் சரக்கு அனுப்புகிறவன் முகம்கூடத் தெரியாது. ஆனால் பெட்டி அங்கே திரும்பிப் போகும். அங்கேயும் ஒருத்தனைச் சுவரோரமாக நிறுத்தி, சாவி யாரிடம் இருந்தது என்று கேட்பார்கள். அவனுக்குக் கீறிக்காட்ட யார் இருப்பார்கள்?

சங்கரன் பையிலிருந்து காகிதத்தை எடுத்துத் தட்டில் வைத்தார். "நான் வெச்சது சார். பெருமாளுக்கு வாங்கனது."

நாகபூஷணம் அதை முகர்ந்தார். திட்ட வாயெடுத்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வாய் நெறயத் திட்டக்கூட வழியில்லாமப் பண்ணிட்டியே சங்கரா! ஒரு பெட்டி மொத்தம் போச்சு. சாவியத் தணிகைகிட்டக் குடு. நாளையிலேருந்து தோட்டத்தப் பாத்துக்க."

வெளியே வந்ததும் தணிகை சாவியை வாங்க மறுத்தார். "நீயே வெச்சிக்க அண்ணா. சார் கேட்டா எங்கிட்ட கீதுன்னு சொல்லிக்கிறேன்."

"திரும்பவும் பொய்யா? வெச்சிக்க தணிகை. மூக்கு வாணாம் இதுக்கு. வேற எதையும் உள்ள வெக்காதவன் போதும்."

மறுநாள் சாயந்திரம் சங்கரன் குழாயைப் பிடித்துக்கொண்டு செடிகளுக்கு நடுவே நின்றார். மாடியில் வெள்ளைக்காரர் கீழ்த்தட்டுப் பெட்டியின் ஐந்நூறு ரூபாய்ச் சுருட்டைப் பற்றவைத்தார். இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். சங்கரன் தண்ணீரை அடுத்த பாத்திக்குத் திருப்பினார்.