படகுப் பெட்டியும் பழைய முகவரியும்

கெடாத பொருளை ரிப்பேர் செய்ய வந்திருக்கிறேன் என்று போய் நின்றால், எந்த ஊரிலும் யாரும் நாற்காலி போட்டு உட்காரச் சொல்வதில்லை. என் தொழில் அதுதான். மென்பொருளில் ஓட்டை தேடி அடைக்கும் சகபாடிகளே, உங்களுக்கு இந்த வேதனை புதிதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மீன்பிடிப் படகுகளுக்கு இடம் காட்டும் பெட்டி ஒன்றைத் தயாரிக்கிற சென்னைக் கம்பெனியில் எனக்கு வேலை. பெட்டிக்குள் அடிமட்டத்தில் உட்கார்ந்து, மற்ற எல்லா நிரல்களுக்கும் இடம் பிரித்துக் கொடுத்து மேய்க்கிற கெர்னல் என்ற பகுதி என் பொறுப்பு. கல்யாணத்துக்குப் பிறகு அறந்தாங்கி வீட்டு மாடியறையில் இருந்தே அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

மாடியறை ஆஸ்பத்திரி

வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண் என்றால், தெருவில் கெட்டுப்போன அத்தனையும் அவள் தலையில்தான் விடியும். மிக்ஸி வந்திருக்கிறது, இன்வெர்ட்டர் வந்திருக்கிறது, ஒரு முறை தையல் மிஷினும் படியேறி வந்தது. பக்கத்து வீட்டு ஜெயா அக்காவின் வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். வீடியோ காலில் தன் முகம் அவருக்கு மங்கலாகத் தெரிகிறதாம் என்று அக்கா போனைக் கொண்டுவந்தார். முந்தானையால் கேமராவைத் துடைத்ததும் தெளிந்துவிட்டது.

சும்மா இருந்திருக்கலாம். போனில் பல மாதமாக ‘அப்டேட் செய்யவும்’ என்று கெஞ்சிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, அதையும் போட்டுவிடுங்கள் அக்கா, பாதுகாப்புக்கு நல்லது என்றேன். ஜெயா அக்கா போனை வெடுக்கென்று வாங்கிக்கொண்டார். “அவுக வெள்ளிக்கெழமை கூப்புடுவாக. அதுக்குள்ள இது ஏதாச்சும் ஆயிருச்சுன்னா, நீயா வந்து அவுக மொகத்தக் காட்டுவ?”

மடியில் உட்காருவது

எங்கள் பெட்டியில் நான் கண்டுபிடித்த ஓட்டை இதுதான். ஒரு நிரல் தன் வேலை முடிந்ததும், தனக்குக் கொடுத்த நினைவக இடத்தைக் கெர்னலிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். கெர்னல் அதை வேறொருவருக்குக் கொடுக்கும். படகில் மின்சாரம் கொஞ்சம் தடுமாறினால், படகு எங்கே நிற்கிறது என்று செயற்கைக்கோளிடம் கேட்டு வாங்கும் பகுதி, நினைவகத்தில் தன் பழைய இடத்தைக் காலி செய்துவிட்டுப் புது இடத்துக்கு மாறிவிடும். திரையில் படம் காட்டும் பகுதிக்கு மட்டும் அதை யாரும் சொல்வதில்லை. அது பாட்டுக்குப் பழைய முகவரியிலேயே போய்ப் படித்துக்கொண்டிருக்கும்.

மேனேஜருக்கு இப்படி விளக்கினேன்: “பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்க எறங்குறோம் சார், துண்டு போடாம. நம்ம சீட்டுல வேற ஆளு உக்காந்தாச்சு. வந்து பாக்காம உக்காந்தா அவரு மடியிலதான் உக்காருவோம். யாரும் உக்காரலைன்னா தப்பு வெளிய தெரியாது. ஆனா வெவரமான திருடன்னா, நாம வந்து உக்காருவோம்னு தெரிஞ்சே அங்க காத்திருப்பான். படகுல பாட்டுக் கேக்க போனைப் பெட்டியோட இணைக்கிறாங்க. அந்த வழியா வந்தா மொத்தப் பெட்டியும் அவன் கைக்குப் போயிரும்.” அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “நல்லாப் புரிஞ்சுதும்மா. இது வரைக்கும் யாரும் மடில உக்காரலைல்ல?”

எல்லாம் பச்சை

நச்சரித்து நச்சரித்துத் திருத்தத்தை அனுப்ப அனுமதி வாங்கினேன். திருத்தம் போய்ச் சேர்ந்தது என்று ஆபீஸ் திரையில் எல்லாப் படகுக்கும் பச்சை விழுந்தது. மேனேஜர் குரூப்பில் பூங்கொத்துப் படம் போட்டார். எனக்கு மட்டும் உறுத்தல். கெர்னலில் செய்த திருத்தம், பெட்டியை ஒரு முறை அணைத்துப் போட்டால்தான் வேலைக்கு வரும். அதையும் ஆள் கையால்தான் செய்ய வேண்டும். இங்கிருந்து அணைக்க எங்களுக்கு உரிமை கிடையாது. எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊரான மீமிசல் படகுகளிலோ, மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன நாளிலிருந்து ஒரு பெட்டிகூட அணைக்கப்படவில்லை. நோயாளியின் தலைமாட்டில் மருந்தை வைத்துவிட்டு, குணமாகிவிட்டது என்று நாங்களே சொல்லிக்கொண்டிருந்தோம்.

பஸ் பிடித்து மீமிசல் போனேன். கரையில் நின்ற படகில் ஏறிப் பார்த்தால், பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், காய்ந்துபோன மல்லிகைச் சரம். தடைக்காலம் முடிந்ததும் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, கும்பிட்டுக்கொண்டே பெட்டியைப் போடுவார்களாம். அதன் பிறகு அடுத்த தடைக்காலம் வரை அணைப்பதில்லை. எங்கள் கையேட்டில் இல்லாத இந்த விதி அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். அணைத்துப் போடுங்கள் என்று சொன்னதும், மீனவர் சங்கத் தலைவர் ராசேந்திரன் கை கூப்பிவிட்டார். “சாமி கும்புட்டுப் போட்டது தங்கச்சி. ஒங்க வீட்டுல எரியிற வெளக்க நாங்க வந்து ஊதி அணைச்சா ஒத்துக்குவீகளா?”

ஒரே இடத்தில் இரண்டு படகு

அந்த நேரம் பார்த்து, சங்கக் கொட்டகையில் இருந்த வயர்லெஸ்ஸில் பேச்சு தடித்தது. காளிமுத்து என்பவர் காலையிலேயே கடலுக்குப் போயிருந்தார். கடலில் மழை மூட்டம். சூரியன் எங்கே, கரை எங்கே என்று தெரியவில்லை. வலையை விட்டுவிட்டு நின்றவர், பெட்டி காட்டும் இடத்தைப் படித்துச் சொல்லி, காலையில் நின்ற இடத்திலேயே நிற்கிறேன் என்றார். உடனே இன்னொரு படகுக்காரர் குறுக்கிட்டார். அதே இடத்தில் நிற்பது தான்தான், ஹாரன் அடித்துப் பார்த்தும் பக்கத்தில் யாரும் இல்லை என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. பெட்டி பழைய முகவரியைப் படித்து, காலையில் நின்ற இடத்தையே காட்டிக்கொண்டிருக்கிறது. படகை நீரோட்டம் கிழக்கே இழுத்துக்கொண்டிருக்கிறது. கிழக்கே அடுத்த நாட்டு எல்லைக்கோடு. தாண்டினால் ஆளையும் படகையும் பிடித்துப் போய்விடுவார்கள். எப்போது விடுவார்கள் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. கரையில் மீன் ஏலத்தில் நின்ற காளிமுத்துவின் மனைவி செல்வி கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். நான் வயர்லெஸ்ஸை வாங்கி, “அண்ணே, பெட்டிய அணைச்சுப் போடுங்க!” என்று கத்தினேன். “நடுக்கடல்லயா? மாட்டேன் தங்கச்சி. அதுவும் போயிருச்சுன்னா எனக்கு வேற என்ன இருக்கு?” என்றார். நியாயமான கேள்வி. நினைவகம், முகவரி என்று நான் ஏதேதோ உளறினேன்.

செல்வி அக்கா என் முகத்தையே பார்த்தார். “அணைச்சா சரியாயிருமா? நெசமா?” என்று கேட்டார். “சரியாயிரும்க்கா” என்றேன். அவ்வளவுதான். எதிரே இருந்த பெட்டிக்கடைக்கு ஓடிப்போய்க் கற்பூரம் வாங்கிவந்தார். வயர்லெஸ்ஸுக்கு முன்னால் தரையிலேயே ஏற்றினார். என் கையில் இருந்த வயர்லெஸ்ஸைப் பிடுங்கிக்கொண்டார். “என்னங்க, நாந்தேன் பேசுறேன். இங்கிட்டு கற்பூரம் ஏத்திட்டேன், எரியுது. இது அணையுறதுக்குள்ள நீங்க அங்கிட்டு அணைச்சுட்டுப் போடுங்க.”

கரை

வயர்லெஸ்ஸில் இரைச்சல் மட்டும் கேட்டது. நான் எழுதிய திருத்தத்தை வரி வரியாக மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்காவது ஒன்றைக் கோட்டைவிட்டிருந்தால் செல்வி அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன்? பிறகு காளிமுத்து ஓர் இடத்தைச் சொன்னார். ராசேந்திரன், “திருப்புடா, திருப்பு!” என்று கத்திய கத்தலிலேயே அது எந்த இடம் என்று எனக்கு விளங்கிவிட்டது. அதன் பிறகு ராசேந்திரனிடம் நான் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கையில் கற்பூரத்தட்டோடு, கரையில் நின்ற ஒவ்வொரு படகாக அவரே ஏறிப் பெட்டியை அணைத்துப் போட்டு இறங்கினார்.

பொழுது சாயும் நேரத்துக்குப் படகு வந்து சேர்ந்தது. செல்வி அக்கா முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு புருஷனைத் திட்டித் தீர்த்தார். அழுகையும் அதிலேயே இருந்தது. எனக்கும் கண் கலங்கியது, நான் மறைக்கவில்லை. காளிமுத்து சட்டையைப் பிழிந்தபடி என்னிடம் வந்தார். “அணைச்சுப் போட்டுட்டு நிமிந்து பாத்தேன் தங்கச்சி. மூட்டம் வெலகியிருந்துச்சு. அந்த நாட்டு ரோந்துப் படகுல கொடி ஆடுறது கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு.”

கெர்னலில் ஒரு திருத்தம் போனால் அதில் எழுதியவர் பெயருக்கு ஓர் இடம், சரிபார்த்தவர் பெயருக்கு ஓர் இடம், சோதித்தவர் பெயருக்கு ஓர் இடம் என்று எல்லாம் வைத்திருக்கிறார்கள். கரையில் கற்பூரம் ஏற்றியவர் பெயரைப் போட மட்டும் இடம் வைக்க மறந்துவிட்டார்கள்.